கண்ணாடி போட்டுக் கண்ணாடி பார்த்தவள்

கடையில் அவளுக்கு லென்ஸம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கடைத்தெரு முனையில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அது. முன்பக்கம் விளக்கும் காட்சிப்பெட்டியும் ஆளுயர நிலைக்கண்ணாடியுமாக மினுங்கும். பின்பக்கம், ஒரு மரத்தடுப்புக்கு அந்தப்புறம், ஒரு டியூப் லைட், ஒரு தண்ணீர்க் குழாய், லென்ஸ் வெட்டும் மெஷின், பவர் பார்க்கும் கருவி, ஒரு முக்காலி. அந்த முக்காலியில் பத்தொன்பது வருஷமாக லென்ஸம்மா உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் எந்த ஃபிரேமை விற்றாலும், அதற்குள் லென்ஸை வெட்டிப் பொருத்துவது அவள்தான்.

வட்டத் தட்டு மாதிரி வந்து இறங்கும் லென்ஸைக் கருவியில் வைத்து, நடுப்புள்ளி எங்கே என்று பார்த்து, மூன்று மைப்பொட்டு வைப்பாள். மெஷினில் மாட்டினால் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அது ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸைச் சீவித் தள்ளும். பிறகு விளிம்பைக் கையாலேயே மழுக்கி, ஃபிரேமைச் சூட்டில் இளக்கி, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. 'டக்' என்று உட்கார வேண்டும். 'டுக்' என்றால் சரியில்லை, கழற்று என்பாள். கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரும்.

"ம்."

அவ்வளவுதான். அந்த 'ம்' வந்துவிட்டால் முதலாளி வந்து சொன்னாலும் அந்தக் கண்ணாடியில் குறை இல்லை. வராவிட்டால் முதலாளி வந்து கெஞ்சினாலும் அது கடையைத் தாண்டாது. ஒரு தடவை, அவசரமாக ஊருக்குக் கிளம்பும் ஒரு வாடிக்கையாளர் வெளியே காத்திருந்தார். லென்ஸின் சாய்வு ஒரே ஒரு டிகிரி தள்ளிப்போய்விட்டது. முதலாளி தடுப்புக்குள் தலையை நீட்டினார்.

"ஒரு டிகிரிதானேம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தக் கண்ணுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, லென்ஸைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து மைப்பொட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே போய், காத்திருந்தவருக்கு இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தார்.

பாராட்டெல்லாம் முன்பக்கத்தோடு நின்றுவிடும். அங்கே விற்பனைக்கு ஒருவர் இருக்கிறார், ஐம்பது வயதுக்காரர். எந்த மூஞ்சியில் எந்த ஃபிரேமை மாட்டினாலும் "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்பார். அதனால் அவருக்கு 'உங்களுக்குன்னே' என்றே பட்டப்பெயர். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எதிர்க்கடை போர்டில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்ட சந்தோஷத்தில் ஜனங்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். லென்ஸம்மா தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த லென்ஸை எடுப்பாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவளுடைய 'ம்' அவளுக்குப் போதும்.

இப்படி வேலையில் கறாரான மனுஷி, வேலை முடிந்து மெஷினை நிறுத்தியதும் ஆளே மாறிவிடுவாள் என்பதுதான் கூத்து.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். 'நல்லாருக்கா'. அதை வைத்தது கல்லூரியில் படிக்கும் மகள். துணி மாற்றினால் "நல்லா இருக்கா?" சமைத்து இறக்கினால் "நல்லா இருக்கா?" ஜன்னலுக்குத் திரை மாட்டினால், தலையை வேறு பக்கம் வகிடெடுத்தால், சொந்தக்காரருக்கு இரண்டு வரி வாழ்த்து எழுதினால், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு "நல்லா இருக்கா?" மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் இருந்த அவள் வீட்டுக்காரர், "இவ தும்மினாக்கூட சரியாத் தும்மினேனான்னு கேப்பா" என்பார். கேலிதான், ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை. கேட்டதற்கு நாலு பேர் நல்லா இருக்கு என்று சொல்லி ஐந்தாவது ஆள் உதட்டைப் பிதுக்கினால், அன்றைக்கு அந்தத் துணி அலமாரிக்குப் போய்விடும். பிறகு வெளியே வராது.

இதற்கெல்லாம் ஆரம்பம் எங்கே என்று கேட்டால், அவள் மூக்கின் மேல்.

எட்டு வயதிலேயே அவளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. வருஷத்துக்கு வருஷம் பவர் ஏறி ஏறி, இருபது வயதில் மைனஸ் ஒன்பதில் போய் உட்கார்ந்தது. மைனஸ் ஒன்பது என்றால் என்னவென்று நல்ல கண் உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கண்ணாடியைக் கழற்றினால், நீட்டிய தன் கையில் எத்தனை விரல் என்று எண்ண முடியாது. இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். புது ஃபிரேம் வாங்கக் கடைக்குப் போனால் பழைய கண்ணாடியைக் கழற்றித்தானே புதியதை மாட்டிப் பார்க்க வேண்டும்? கடை ஃபிரேமில் பவர் இருக்காது. மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால், எதிரே மாவு பிசைந்து வைத்த மாதிரி ஒரு வெளுப்பு தெரியும். மூக்கு இடிக்கும் தூரத்துக்குக் கிட்டே போனால் ஒரே ஒரு கண் தெரியும். ஆக, தனக்கு எது நல்லா இருக்கிறது என்று அவளால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி "நல்லா இருக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் முகமே தெரியாது.

எட்டு வயதில் முதல் கண்ணாடியை எடுத்தது அப்பா. தடித்த கறுப்பு. "கீழ விழுந்தாலும் உடையாது" என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம். உண்மையிலேயே உடையவில்லை, ஐந்து வருஷம். இரண்டாவதை எடுத்தது அக்கா. அக்காவுக்குத் தோழிகளிடம் பார்த்துப் பிடித்துப்போன பூனைக்கண் ஃபிரேம், தனக்குக் கண்ணாடி தேவைப்படாததால் தங்கச்சி மூஞ்சியில் மாட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டாள். மூன்றாவது, கல்யாணமான புதிதில் மாமியார் எடுத்தது. "கண்ணாடி போட்டதே தெரியக் கூடாது" என்று விளிம்பே இல்லாத ஃபிரேம். மைனஸ் ஒன்பது லென்ஸின் ஓரம் விரல் தடிமன் இருக்கும். விளிம்பும் இல்லாமல் அதைப் போட்டால், இரண்டு பாட்டில் அடிப்பாகத்தை மூஞ்சியில் ஒட்டியது போல இருந்தது. கண்ணாடி போட்டது மட்டும்தான் தெரிந்தது. நாலாவதை வீட்டுக்காரர் எடுத்தார், அஞ்சாவதை மகள் எடுத்தாள். நடுவில் ஒரு தடவை கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸும் போட்டுப் பார்த்தாள். கண் தக்காளியாகச் சிவந்து மூன்று நாள் படுத்துக்கிடந்ததுதான் மிச்சம்.

நாற்பத்தெட்டு வயதுக்குள் ஐந்து முகம். ஐந்தும் அடுத்தவர் கொடுத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்த சரக்கில் ஒரு ஃபிரேம் இருந்தது. கிளிப்பச்சை. சின்ன வட்டம், நல்ல தடித்த விளிம்பு. பெட்டியைப் பிரித்ததும் லென்ஸம்மாவுக்கு மனசு 'டக்' என்றது. 'டுக்' இல்லை, 'டக்'. அதைக் கொண்டுபோய்க் காட்சிப்பெட்டியின் இரண்டாவது தட்டில் வைத்தார்கள். மூன்று வருஷமாக அதை யாரும் வாங்கவில்லை. எடுத்து மாட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். லென்ஸம்மா தினமும் காலையில் தூசி தட்டும்போது அதை மட்டும் இரண்டு தடவை துடைப்பாள்.

வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? அதுதான் நடக்கவில்லை. முதலில் 'உங்களுக்குன்னே'யிடம் மாட்டிக் காட்டினாள். உலகத்தில் உள்ள எல்லா ஃபிரேமுக்கும் உங்களுக்குன்னே பாடுகிற அந்த மனுஷர் தலையைச் சாய்த்து, "ம்ம்ம்... வித்தியாசமா இருக்கு" என்றார். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டாள். "நீ எதைப் போட்டாலும் எனக்குப் புடிக்கும்."

"எதைப் போட்டாலும்னா என்ன அர்த்தம்? பாக்கவே மாட்டேன்னு அர்த்தம்" என்று அவரோடு ஒரு மூச்சு சண்டை போட்டாள். அதிலும் தீர்வு கிடைக்கவில்லை.

இந்த வருஷம் அந்த நல்ல வீட்டுக்காரர் சோபாவில் பார்க்காமல் உட்கார்ந்து, மகள் எடுத்துக் கொடுத்த ஐந்தாவது கண்ணாடியின் காலை முறித்துவிட்டார். பசை போட்டு ஒட்டிக்கொண்டு, புது லென்ஸுக்கு ஆர்டர் கொடுத்தாள். அவள் பவருக்கு லென்ஸ் கையிருப்பில் இருக்காது. சொல்லி வைத்தால் இருபது நாளில் ஒரே ஒரு ஜோடி வரும். அதற்குள் ஃபிரேமை முடிவு செய்ய வேண்டும்.

கிளிப்பச்சையை மாட்டிக்கொண்டு செல்போனில் தன்னைப் படம் எடுத்தாள். வாடிக்கையாளருக்கு அவளே சொல்லிக் கொடுக்கும் யுக்தி அது: படம் எடுத்துக்கோங்க, அப்புறம் பழைய கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க என்று. எடுத்த படத்தைப் பார்த்தால் அவளுக்கே பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, எதையோ தொலைத்தவள் போல நின்றாள். அது கண்ணாடி போட்ட முகமாக இல்லை, கண்ணாடியைத் தேடுகிற முகமாக இருந்தது. இருந்தாலும் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே "நல்லா இருக்கா?" என்று எழுதினாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

"அம்மா, ப்ளீஸ், வேணாம்" என்றாள் மகள். "தவளை மாதிரி இருக்கு" என்றது ஒரு சித்தப்பா வீடு. ஒரு அண்ணி சிரிப்பு பொம்மைகளாக வரிசை கட்டினாள். கடைசியில் அக்கா, குரலிலேயே ஒரு தீர்ப்பை அனுப்பினாள்: "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குடி? உனக்கு எது எடுப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பழுப்பு நிறத்துல, நீட்டுவாக்குல, அடக்கமா ஒண்ணு எடு." மகள் அப்படி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். குரூப்பில் பதினோரு கட்டைவிரல் உயர்ந்தது. முடிந்தது விவகாரம். இதற்கு நடுவில் முதலாளி, விற்காமல் தேங்கிய சரக்கையெல்லாம் சனிக்கிழமை திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். கிளிப்பச்சையும் திருப்பி அனுப்பும் அட்டைப்பெட்டிக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் லென்ஸ் வந்தது. மத்தியானம் அக்கா வந்தாள்.

"பழுப்புல போட்டுட்டியா? கடைசி நேரத்துல மனசு மாறுவேன்னுதான் நேர்ல வந்தேன்" என்று சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினாள். நல்லவள்தான். தங்கச்சிக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பாள். கூடவே யோசனையும் கொடுப்பாள், அதுதான் தொல்லை. "அப்படியே என் கண்ணாடியையும் பாருடி. ஒரு வருஷமா எதுவும் சரியாத் தெரியல. வயசாயிடுச்சு போல."

லென்ஸம்மா அக்காவின் கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்தாள். உள்ளே தெரிந்த பச்சைக் கோடுகளைத் திருகித் திருகித் தெளிவாக்கினாள். எண்ணைப் பார்த்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இந்தப் பவர் அவளுக்கு நன்றாகத் தெரியும். பழைய ரசீதுகள் இருந்த தகர டப்பாவைத் திறந்து ஒரு அட்டையை உருவினாள். சந்தேகமே இல்லை.

"அக்கா, இது உன் கண்ணாடி இல்ல. மாமா கண்ணாடி."

"உளறாதே. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வாங்கினோம், ஜோடியா வாங்கினா தள்ளுபடின்னு..." அக்காவின் வாய் அப்படியே நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரி இரண்டு ஃபிரேம் வாங்கியிருந்தார்கள். எப்போதோ ஒரு நாள் மேஜையில் கழற்றி வைத்ததில் மாறியிருக்கிறது. வருஷம் முழுக்க அவர் கண்ணாடியை இவளும் இவள் கண்ணாடியை அவரும் மாட்டிக்கொண்டு, வயசாகிவிட்டது என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அதான் அந்த மனுஷன் ஒரு வருஷமா என்னை முறைச்சு முறைச்சுப் பாக்குறாரா!" என்றாள் அக்கா. "நான் என்னமோ கோபம்னு நெனச்சுத் தினமும் சமாதானம் பண்ணிட்டிருக்கேன்!"

'உங்களுக்குன்னே' சிரிப்பை அடக்கக் காட்சிப்பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். லென்ஸம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. அப்படியானால் கிளிப்பச்சை வேண்டாம் என்று தீர்ப்பு சொன்னதே மாமா கண்ணாடி வழியாகத்தானே? படத்தையே அக்கா சரியாகப் பார்த்திருக்க மாட்டாளே? அவளுக்குள் ஒரு நம்பிக்கை துள்ளி எழுந்தது. கண் பரிசோதனைக்கு வைத்திருக்கும் கனமான இரும்பு ஃபிரேமில் அக்காவின் உண்மையான பவரைச் செருகி, அவள் மூக்கில் மாட்டிவிட்டாள்.

அக்கா தெருவைப் பார்த்தாள். "அம்மாடி! எதிர்க்கடை போர்டுல இத்தனை எழுத்தா!" திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள். "அய்யோ, உனக்கு எப்படி நரைச்சுப் போச்சு!"

"அதை விடு. ஒரு நிமிஷம் இரு." லென்ஸம்மா ஓடிப்போய் அட்டைப்பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த பழைய ஃபிரேம்களைத் தள்ளி, கிளிப்பச்சையை எடுத்தாள். ஒட்டுப்போட்ட கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். உலகம் மாவாகக் கரைந்தது. எதிரே அக்கா இருந்த இடத்தில் ஒரு கலங்கல் தெரிந்தது. அந்தக் கலங்கலைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்பச் சொல்லுக்கா. நல்லா இருக்கா?"

கலங்கல் கிட்டே வந்து இப்படியும் அப்படியும் சாய்ந்தது. அக்கா ஆற அமரத்தான் பார்த்திருக்க வேண்டும்.

"இப்பதான்டி தெளிவாத் தெரியுது" என்றது கலங்கல். "நல்லாவே இல்ல."

போயிற்று. லென்ஸம்மா ஃபிரேமைக் கழற்றினாள். பழையதைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டாள். அக்கா பாசமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை, இப்போது பார்வைக் குறையும் இல்லை. நல்ல கண்ணால் நன்றாகப் பார்த்து, நல்லா இல்லை என்று சொல்லிவிட்டாள். இனி எந்தச் சாக்கும் மிச்சமில்லை.

"போய்ப் பழுப்பைப் போடு. நான் இருந்து பாத்துட்டே போறேன்."

லென்ஸம்மா இரண்டு ஃபிரேமையும் எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே தட்டில் அந்த ஒரே ஜோடி லென்ஸ், உறைக்குள். அழுகை வரும் போல இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஃபிரேமுக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. உண்மையில் ஃபிரேமுக்காக இல்லை. அக்கா ஒரே ஒரு 'நல்லா இருக்கு' சொல்லியிருந்தால் போதும், பதினோரு பேரையும் மறந்திருப்பாள். அந்த ஒன்றுக்காக இத்தனை வயதில் இப்படி ஓடிப்போய்ப் பெட்டியைக் கிளறினோமே என்றுதான் இருந்தது.

கை பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம், எந்த வேலையானாலும் முதலில் அட்டை எழுத வேண்டும். எழுதினாள். பவர்: மைனஸ் ஒன்பது. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி: ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். அடுத்த வரி, 'பொருத்தமான ஃபிரேம்'. முன்பக்கத்தில் இருப்பவர்கள் தெரியாமல் பொருந்தாத ஃபிரேமைக் கொடுத்தனுப்பினால் திருத்தச் சொல்வதற்காக, முதலாளியோடு சண்டை போட்டு அவளே அட்டையில் சேர்க்க வைத்த வரி அது. இந்தப் பவருள்ள யார் வந்தாலும் அவள் யோசிக்காமல் எழுதுவது ஒன்றுதான். எழுதினாள்: சின்ன வட்டம். தடித்த விளிம்பு.

பேனா நின்றது. பழுப்பு ஃபிரேமைப் பார்த்தாள். பெரியது, நீட்டுவாக்கு, மெல்லிய விளிம்பு. இந்தப் பவருக்கு இதை யாராவது வாடிக்கையாளர் கொண்டுவந்திருந்தால், லென்ஸ் ஓரம் கட்டைச்சுவர் மாதிரி வெளியே துருத்தும், கண் மூலையில் எல்லாம் வளையும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பாள். வாடிக்கையாளர் அழுதாலும் அனுப்பியிருப்பாள். தன் மூஞ்சி என்றதும் மட்டும் பதினோரு கட்டைவிரலுக்குத் தலையாட்டியிருக்கிறாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் ஒரு டிகிரி பிசகவிடாத தன் மேலேயே அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நல்ல கோபம்.

ஆனால் ஒன்று இருந்தது. சின்ன வட்டத்துக்கு வெட்டிய லென்ஸை மறுபடி பெரிதாக்க முடியாது. வெட்டினால் வெட்டினதுதான். வெட்டி மாட்டாமல் தன் முகம் தனக்குத் தெரியப்போவதும் இல்லை. முதலில் முடிவு, அப்புறம்தான் பார்வை. இதில் யாரைக் கேட்டும் புண்ணியமில்லை.

லென்ஸை உறையிலிருந்து எடுத்தாள். மூன்று மைப்பொட்டு வைத்தாள். மெஷின் கிர்ர் என்று ஆரம்பித்தது.

"பழுப்புதானே?" என்று வெளியிலிருந்து அக்கா கத்தினாள். மெஷின் சத்தத்தில் காது கேட்காததுபோல இருந்துவிடுவது பின்பக்க வேலையில் உள்ள ஒரு வசதி.

வலது லென்ஸ் முடிந்தது. இடது லென்ஸ் முடிந்தது. விளிம்பை மழுக்கினாள். கிளிப்பச்சையைச் சூட்டில் காட்டினாள், இளகிய பிளாஸ்டிக் வாசம் எழும்பியது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு. டக். இன்னொன்று. டக். தடித்த விளிம்புக்குள் லென்ஸின் ஓரம் முழுக்க ஒளிந்துகொண்டது. கழுவித் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினாள். இடம், வலம். மையம் சரி. சாய்வு சரி. வழக்கமாக அந்த இடத்தில் 'ம்' வந்துவிடும். இன்று வரவில்லை. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது.

குழாய்க்கு மேலே கைக்குட்டை அகலத்தில் ஒரு கண்ணாடி தொங்கும். கண்ணில் தூசி விழுந்தால் பார்ப்பதற்கு. அதன் முன்னால் போய் நின்று, ஒட்டுப்போட்டதைக் கழற்றினாள். மாவு. கிளிப்பச்சையை மாட்டினாள்.

ஒரு பெண் தெளிவாக வந்து நின்றாள்.

நாற்பத்தெட்டு வயது. அக்கா சொன்னது சரிதான், நரைத்திருந்தது. மூக்கு கொஞ்சம் அகலம். கன்னத்தில் லென்ஸ் தூள். இரண்டு பச்சை வட்டங்களுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் இடுங்காமல், எதையும் தேடாமல், நேராகப் பார்த்தன. எங்கேயோ நடந்த ஒரு நகைச்சுவை இப்போதுதான் புரிந்தாற்போல அந்த முகத்தில் ஒரு களை இருந்தது. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ ஒரு பெண் என்றும் சொல்ல முடியாது. லென்ஸம்மா இடம் திரும்பிப் பார்த்தாள், வலம் திரும்பிப் பார்த்தாள், டியூப் லைட்டில் பார்ப்பதைப் போலவே.

"ம்" என்றாள்.

வெளியே வந்தபோது அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"அடிப்பாவி! யாரைக் கேட்டுடி இதுல வெட்டினே?"

"யாரையும் கேக்கலக்கா. கண்ணாடி போட்டுக் கண்ணாடி பாத்தேன்."

"நான்தான் நல்லா இல்லன்னு சொன்னேனே!"

"சொன்னே. நல்லாப் பாத்துத்தான் சொன்னே, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா இதை மாட்டிக்கப் போறது என் மூக்குதானே." சொல்லிவிட்டு அக்காவின் மூக்கிலிருந்த இரும்பு ஃபிரேமை நேராக்கிவிட்டாள். "மாமாவையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேருக்கும் வேற வேற கலர்ல போட்டுத் தரேன். இல்லன்னா மறுபடியும் முறைக்கப் போறாரு."

அக்காவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. கொஞ்சம் இரண்டும் செய்தாள். "எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன்" என்று இன்னொரு தடவையும் சொல்லிவைத்தாள். சொல்லட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதிலும் அக்கா வாயை மூட அந்த ஊராலும் முடியாது.

'உங்களுக்குன்னே' மட்டும் எழுந்து வந்து கிளிப்பச்சையை உற்றுப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

"அடடா, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா."

"எனக்குன்னே செஞ்சதுதான் சார்" என்றாள் லென்ஸம்மா. "செஞ்சதும் நான்தான்."

பழுப்பு ஃபிரேமைத் துடைத்து, உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் கிளிப்பச்சை கிடந்த இடத்தில் வைத்தாள். பாவம், அதன் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேறு யாருக்காவது அது நன்றாகவே பொருந்தும்.

அக்கா போன பிறகு செல்போனை எடுத்துத் தன்னை ஒரு படம் எடுத்தாள். இந்தத் தடவை கண் இடுங்கவில்லை. அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே எழுத ஆரம்பித்தாள். விரல் தன்பாட்டுக்கு, இத்தனை வருஷ வழக்கப்படி, எழுதி முடித்தது: 'நல்லா இருக்கா?'

அனுப்பப் போனவள் நிறுத்தினாள். பச்சை வட்டங்கள் வழியாக அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தாள். முதலில் கேள்விக்குறியை அழித்தாள். பிறகு கடைசியில் நின்றுகொண்டிருந்த 'கா'வை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் 'கு' வைத்தாள்.

'நல்லா இருக்கு.'

அனுப்பிவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அது உடனே அதிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று துள்ளித் துள்ளி மேஜை விளிம்பு வரைக்கும் நகர்ந்தது. லென்ஸம்மா அதை ஒரு விரலால் நடுவுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தாள். யாரோ ஒரு பள்ளி ஆசிரியருக்கு மைனஸ் மூன்று, சாயங்காலம் வாங்க வருவார். மெஷினைத் தட்டிவிட்டாள்.